ஓட்டை மட்டும் போதுமா?

தட்டாஞ்சாவடியில் பலகை வாங்கி, நான் வளர்க்கும் இகுவானா என்ற பெரிய ஓணானுக்கு நானே கூண்டு செய்தேன். ஈரப்பதத்துக்காகத் தெளித்த தண்ணீர் அடியில் தேங்கி, அதன் வயிற்றுத் தோலில் புண் வந்துவிட்டது.

"தரை காயலேன்னா பிழைக்காது" என்றார் மருத்துவர்.

அடிப்பலகையில் முன்பக்கமாக நான்கு ஓட்டை போட்டேன். தண்ணீர் வடியவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டில் குளியலறைத் தளம் போட வந்த கொத்தனார் எட்டிப் பார்த்தார்.

"ஓணானுக்கு பங்களாவா சார்?"

"உங்க வேலையப் பாருங்க!"

எரிந்து விழுந்தும் அவர் போகவில்லை. ஒரு குவளை தண்ணீரை ஊற்றி, அது ஓடும் திசையைப் பார்த்தார்.

"ஓட்டை இருக்கு, சரிவா வாட்டம் எங்க சார்? தண்ணி மேட்டுல ஏறுமா?"

கூண்டின் பின்கால்களுக்கு அடியில் இரண்டு டைல்ஸ் துண்டுகளைச் செருகினார். தேங்கியதெல்லாம் சரசரவென இறங்கியது.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். வேலை முடிந்து அவர் போய்விட்டிருந்தார். சில வாரங்களில் புண்ணும் ஆறிவிட்டது. இன்றும் எங்கே தளம் போட்டாலும் வண்டியை நிறுத்தி, அந்த முகத்தைத் தேடுகிறேன்.