சடையனின் நாக்கு

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, கடலோடு கலக்கும் ஏரியை ஒட்டிய எங்கள் வயல்களுக்கு ஓடைத் தண்ணீர்தான் கதி. ஐப்பசி மழை இஷ்டத்துக்குத் தள்ளிப்போக ஆரம்பித்த பிறகு அந்த ஓடையையும் நம்ப முடியவில்லை. மழை பிந்தினால் ஏரியின் உப்புத் தண்ணீர் ஓடைக்குள் ஏறிவிடும். தெரியாமல் மதகைத் திறந்தால் நட்ட பயிர் கருகிப்போகும்.

அதற்குத்தான் சடையனைப் பிடித்தோம். ஓலையில் பின்னிய பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர். வாய்க்குள் ஏரி போய்ப் போய், உப்பு கூடுவதும் குறைவதும் அவர் நாக்குக்கு அத்துப்படி. ஒரு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு அவர் சொன்னால்தான் மதகைத் திறப்போம். நாலு வருஷம் பிசகவே இல்லை.

உள்ளதைச் சொல்கிறேன். அதற்கு முன் நாங்கள் அவரை "டேய் சடையா" என்றுதான் கூப்பிடுவோம். டீக்கடை பெஞ்சில் உட்காரச் சொன்னதில்லை. மதகு வேலை வந்த பிறகுதான் அவர் எங்களுக்கு அண்ணன் ஆனார். எங்கள் மரியாதையின் லட்சணம் அவ்வளவுதான்.

போன கார்த்திகையில், நட்டு பத்து நாளாகியும் மழை இல்லை. சடையன் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தார். கருவாட்டுக் குழம்புகூட அவர் நாக்குக்குச் சப்பென்றுதான் இருந்தது.

"நீ போவாத. உடம்பு சரியில்லனு சொல்லிடு" என்றாள் மனைவி சரோஜா.

அவர் கேட்கவில்லை. சொன்னால் மறுபடியும் "டேய்" ஆகிவிடுவோமோ என்று பயம். மதகடிக்கு வந்தார். கொப்பளித்தார், துப்பினார்.

"நல்ல தண்ணிதான். தொற."

நாலாம் நாள் பயிரின் நுனி கருகியது. முதல் மடை ராஜம்மாவுடையது. புருஷனை இழந்தவள், குத்தகைக்கு ஒன்றரை ஏக்கர் பயிர் வைக்கிறவள். அவள் வயல் முழுசாகப் போய்விட்டது. நாங்கள் காற்றைத் திட்டினோம், கடலைத் திட்டினோம், சடையனை மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

"தொறந்தப்புறம் உப்பு ஏறிக்கும். அதுக்கு நீ இன்னா பண்ணுவ?" என்று எங்களோடு பயிர் வைக்கிற கங்காதரன் அவரை பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தான். அதைக் குடித்து முடிப்பதற்குள் உயிர் போய் வந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை, செத்த பயிரைப் பிடுங்கிக்கொண்டிருந்த ராஜம்மாவின் முன்னால் போய் நின்றார். நான் பக்கத்து வரப்பில்தான் இருந்தேன்.

"அன்னிக்கு எனக்கு ருசியே தெரியலம்மா. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு."

ராஜம்மா நிமிர்ந்து பார்த்தாள். நாலு வார்த்தை நன்றாகத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவரும் அதை வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தார்.

"நானும் பக்கத்துலதானேணா நின்னுக்கினு இருந்தேன்? ஒரு வாய் எனக்கு மொண்டு குடுத்திருந்தா, நான் பாத்திருக்க மாட்டேனா?"

சடையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். நானும்தான். அன்று மதகடியில் நாங்கள் பதினோரு பேர் நின்றோம். ஒருத்தர்கூடக் குனிந்து கையை நனைக்கவில்லை.