மெரூன் விரிப்பு

கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிவிட்டது, இனி குணமாகாது என்று டாக்டர் சொன்னபோது தையல்காரி அழவில்லை. "அப்போ வீட்டுக்குப் போறேன். என் கட்டில்லயே முடிச்சுக்கறேன்" என்றாள்.

அதற்கு இடைஞ்சலாக நின்றது அவள் புருஷன். கறிக்கடைக்காரர். கத்தி பிடித்து ஒரு நாளும் நடுங்காத கை, மனைவியின் வெள்ளை விரிப்பில் துளி சிவப்பைக் கண்டால் வெலவெலத்துப் போகும். உடனே ஆம்புலன்ஸ். இரண்டு தடவை அப்படித் தூக்கிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடத்தி, ஊசி போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். போய் வந்த குலுக்கலில் இடுப்பு வலிதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸிடம் தையல்காரி நேராகவே கேட்டாள்.

"வலிக்கு மார்ஃபின் கொடுத்தீங்க, தூங்கறேன். நாத்தத்துக்கு மாத்திரை கொடுத்தீங்க, பக்கத்து வீட்டுக்காரி மறுபடியும் வந்து வம்பு பேசறா. இந்த மனுஷனுக்கு என்ன மருந்து சிஸ்டர்?"

நர்ஸ் சிரித்தாள். "வெள்ளையைத் தூக்கிப் போடுங்கக்கா. அடர் நிறத்துல விரிங்க. வெள்ளையில ஒரு கரண்டி ரத்தம் ஒரு குடமாத் தெரியும்."

பிறகு கடைக்காரரை உட்காரவைத்தாள். "அண்ணே, மறுபடியும் வரும். நிறையவும் வரலாம். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, அடியில துண்டு போடுங்க, நான் வச்சுட்டுப் போற மருந்தைக் கொடுங்க, எனக்கு போன் பண்ணுங்க. பக்கத்துலயே இருங்க."

"பயமா இருக்கே சிஸ்டர்."

"ஆட்டை மட்டும் தைரியமா வெட்டுவாரு" என்றாள் தையல்காரி.

"ஆட்டோட நான் குடும்பம் நடத்தலையே!"

திரைக்கு வாங்கி மிஞ்சிய மெரூன் துணி பீரோவில் கிடந்தது. மார்ஃபின் குடித்து வலி அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, தலையணைமேல் உட்கார்ந்து, ஒரு விரிப்பும் நாலைந்து துண்டுகளும் தைத்து முடித்தாள்.

ஒரு மத்தியானம் ரத்தம் வந்தது, முன்னைவிட அதிகமாகவே. ஆம்புலன்ஸைக் கூப்பிட அவர் கை தன்னால் போனுக்குப் போனது. தையல்காரி அவரையே பார்த்தாள். அவர் நர்ஸைக் கூப்பிட்டார். துண்டைப் போட்டார், மருந்தை ஊட்டினார், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நர்ஸ் வருவதற்குள் ரத்தம் மட்டுப்பட்டிருந்தது.

"நிறையப் போச்சா?" என்று அவரிடம் கேட்டாள் தையல்காரி.

அவர் எட்டிப் பார்த்தார். "அது தெரியலை. நீ அடிச்ச ஓரம்தான் கோணலாத் தெரியுது."

"வந்துட்டாரு, குறை சொல்ல!"

அடுத்த மாதம் அதே கட்டிலில்தான், வலியில்லாமல் போனாள். விரிப்பை யாரிடமும் கொடுக்காமல் அவரே துவைத்தார்.