நகரும் பூச்சட்டிகள்

எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்குப் பூச்சட்டிதான் வேலி. ஜெலாப்பாங்கில் தாமான் குடியிருப்பு வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எனக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நடுவே சுவர் கிடையாது; அவருடைய செம்பருத்திச் சட்டிகள்தான் எல்லை. வெள்ளிக்கிழமை அவர் வாசல் கழுவும்போதெல்லாம் அந்த எல்லை என் பக்கம் இரண்டு விரல் நகரும்.

கேட்டுவிட்டேன்.

"சட்டிக்குக் கால் இருக்கா லா? யாரு தள்ளுறா?" என்றார்.

கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னவரிடமும் அந்தக் காலத்து விஞ்ஞானிகள் இதையேதான் கேட்டுச் சிரித்தார்களாம்: எது தள்ளுகிறது? பல வருடம் கழித்துக் கடலின் அடித்தரையை ஆராய்ந்தார்கள். நடுவில் இருக்கும் பிளவுக்குப் பக்கத்தில் பாறை புதிது. தள்ளிப் போகப் போகப் பழையது. தரையே நகர்ந்திருக்கிறது! சிரித்தவர்கள் வாயை மூடினார்கள்.

என்னிடமும் அத்தாட்சி இருந்தது. சிமெண்டில் சட்டிகள் நின்ற செம்மண் வளையங்கள். அக்கா வீட்டுப் பக்கம் மங்கல், என் கார் நிற்கும் பக்கம் பளிச். ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

அக்கா குனிந்து பார்த்தார். உள்ளே போய் பிளீச் பாட்டிலும் பிரஷும் எடுத்து வந்தார்.

விஞ்ஞானிகள் கொடுத்துவைத்தவர்கள். கடலடியைத் தேய்த்துக் கழுவ அங்கே ஒரு அக்கா இல்லை.