ஏரி மீனும் எங்கள் வீட்டு ரசமும்

போன வாரம் அரியலூர் சம்பந்தியம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்ட். ‘ஏரி மீனில் ஈயம், காட்மியம்... கர்ப்பிணிகள் ஜாக்கிரதை!’ கூடவே அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த ஃபார்வர்டையே நாலு தடவை படித்தேன்.

படிக்காமல் என்ன செய்வேன்? அவர் மருமகள் – என் மகள் – தலைப்பிரசவத்துக்குப் பெரம்பலூரில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். வந்த நாளாக ரச வாசனையே அவளுக்கு ஆகவில்லை. ஏரிக் கெண்டைக் குழம்பு என்றால்தான் சோறு இறங்கும். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு பிடி பிடிப்பேன்.

உடனே சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். “மீனை நிறுத்துங்கண்ணே. ஒங்க வூட்டு ஈயச்சொம்பு ரசம் இருக்குல்ல, அதைக் குடுங்க” என்றார்.

அந்தச் சொம்பு என் பெருமை! ஏதோ ஒரு கண்காட்சியில் ‘பாரம்பரியம்’ என்று போர்டு மாட்டியிருந்தவனிடம் வாங்கியது. ரெண்டாக எடுத்தால் குறைத்துத் தருகிறேன் என்றான். விடுவேனா? எடுத்தேன்.

மறுநாளே மகளை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அதே மீனைத் தின்றவன் என்பதால் எனக்கும் எடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை மகள் வயிற்றில் வைத்த கையை எடுக்கவே இல்லை. என் மனைவி மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

ரிசல்ட் வந்தது. மகளுக்கு நார்மல். அப்பாடா... எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

டாக்டரம்மா அடுத்த தாளைப் புரட்டினார். எனக்குத்தான் கூடுதல்.

“மீனை ரெண்டு பேரும் சாப்பிடறீங்க. நீங்க மட்டும் சாப்பிடறது எது சார்?”

மகள்தான் மெதுவாகச் சொன்னாள்: “ரசம்.”

நல்ல சொம்பு வெள்ளீயத்தில் இருக்குமாம். மட்டமானதில் காரீயத்தைக் கலந்துவிடுவார்களாம். புளி பட்டால் அது ரசத்தில் இறங்குமாம். சொம்பை நிறுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடும் என்றார். மனைவிக்கும் பார்த்துவிடச் சொன்னார். வீட்டுக்கு வந்து சொம்பைப் பேப்பரில் தேய்த்தேன். பென்சில் கோடு மாதிரி கருப்பாக விழுந்தது – காரீயமேதான்.

அதற்காக ஏரிக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட முடியுமா? கரையில் உடைந்த பேட்டரிகள் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். தண்ணீரையும் மீனையும் சோதிக்கச் சொல்லி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறேன். பதில் வரும்வரை மீன் அளவாகத்தான் – டாக்டரம்மா உத்தரவு.

மசக்கை என் மகளைக் காப்பாற்றியது. இனி நிம்மதி என்று நாற்காலியில் சாய்ந்தேன்... அப்போதுதான் அந்த இரண்டாவது சொம்பு ஞாபகம் வந்தது. வளைகாப்பு அன்று சம்பந்தியம்மாவுக்குச் சீராகக் கொடுத்தவன் நானேதான்!

போனில் விஷயத்தைச் சொன்னேன். இதோ, மடியில் ஒரு புது எவர்சில்வர் பாத்திரத்தோடு, அரியலூர் பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.