ஊதா தெரியாத கண்

தொலைநோக்கிப் பட்டறையில் ஜன்னலோர நாற்காலி பரிசோதகருடையது. அவர் காதுபடவே எல்லோரும் அவரை 'ஊதா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒற்றை லென்ஸ் கண்ணாடி வெளிச்சத்தை வண்ண வண்ணமாகப் பிரித்துவிடும். பார்க்கும் பொருளின் ஓரத்தில் ஊதா கசியும். அதனால் வேறு வகைக் கண்ணாடி ஒன்றைப் பின்னால் சேர்ப்பார்கள். முன்னது பிரித்ததைப் பின்னது இழுத்துப் பிடித்து ஒன்றாக்கும். ஜோடி சரியா என்பதை, அதன் வழியாக எதிரே தண்ணீர்த் தொட்டி மேலிருக்கும் இடிதாங்கிக் கம்பியைப் பார்த்து அவர் சொல்வார். "ஊதா அடிக்குது, எடுத்துட்டுப் போ" என்றால் மறுபேச்சு கிடையாது. அங்கேயே கண்ணாடி தேய்க்கும் அவர் மனைவிக்கும் அதே சட்டம்தான்.

அப்படிப்பட்டவர் சரியென்று அனுப்பிய ஜோடிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஊதா தெரிகிறதாம்.

"வாங்கினவனுக்குப் பார்க்கத் தெரியல முதலாளி. கம்பி கோடு கிழிச்ச மாதிரி இருக்கு, நீங்களே பாருங்க."

முதலாளி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பரிசோதகரின் மனைவியைக் கூப்பிட்டார். அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"இப்படியே போனா இந்த நாற்காலிக்கு வேற ஆள்தான் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

சாப்பாட்டு வேளையில் பரிசோதகர் டப்பாவைத் திறக்காமல் மனைவி பக்கம் திரும்பினார்.

"என்ன, நீயும் ஊமையாயிட்டியா? சொல்லேன்."

"சொன்னா வள்ளுனு விழுவீங்க."

"விழல, சொல்லு."

"கம்பி ஓரம் பூரா ஊதாங்க. கொஞ்ச நாளாவே நான் அரைகுறையா தேய்ச்சதைக்கூட பிரமாதம்னு சொல்றீங்க. நமக்குக் கை நல்லா வந்திருச்சு போலன்னு நானும் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன், மக்கு."

அவருக்குச் சுருக்கென்றது. எழுந்து போய், ஒரு ஜோடியிலிருந்து பின்கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்கண்ணாடியை மட்டும் மாட்டினார். இப்போது ஊதா தெரிந்தே ஆகவேண்டும். கடவுளே என்று கண்ணை வைத்தார். கம்பியின் ஒரு ஓரம் மஞ்சளடித்தது. ஊதா இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

நேராக முதலாளியிடம் போனார்.

"நான் சரின்னு சொன்ன எதையும் வெளிய அனுப்பாதீங்க முதலாளி. எனக்குக் கண்ணு போச்சு."

"போகலய்யா, புரை விழுந்திருக்கும். எங்கப்பாவுக்கும் இப்படித்தான், நீலம் ஊதாவெல்லாம் போய் எல்லாமே பழுப்பாத்தான் தெரிஞ்சுது. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. அதுவரைக்கும் உங்க வீட்டம்மா உக்காரட்டும்."

அறுவை சிகிச்சை முடிந்து, கடவுள் புண்ணியத்தில் இரண்டு கண்ணும் பளிச்சென்று ஆயின. திரும்பி வந்தவர் எடுத்ததையெல்லாம் கழித்துப் போட்டார்.

"இதுவும் ஊதா. இதுவும்."

"அது நான் பார்த்துப் பார்த்துத் தேய்ச்சதுங்க! எந்த ஜோடியிலயும் பொட்டு ஊதா ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும்னு நீங்கதானே சொல்வீங்க? புதுக் கண்ணு கிடைச்சிருச்சுன்னு அதையும் பிடிச்சுத் தொங்கினா, கடைக்கு என்னத்தை அனுப்புறது?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ரெண்டு பேரும் பாருங்க. ரெண்டு பேருக்கும் சரின்னு பட்டா மட்டும் வெளிய போகட்டும்."

பரிசோதகர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். கண்ணை எடுக்காமலே, "எனக்கு ஊதாதான்" என்றார்.

"தள்ளுங்க" என்றாள் அவள்.