ஏழுமலை மேல் போட்ட பழி

பிள்ளைங்களா, இதை உங்ககிட்ட மறைக்கக் கூடாது.

உப்பு மூட்டை கூடுதலா ஏத்தணும்னு நம்ம லாரியோட முன்பக்க ஸ்பிரிங்ல பட்டை சேர்த்தேன். அலைன்மெண்ட் பார்த்தவர் தாளைக் காட்டி, "முன்சக்கரம் திரும்புற அச்சு பின்னால சாஞ்சு நிக்கிற அளவு இடதுல ஒரு டிகிரி, வலதுல மூணு. இடப்பக்கமா இழுக்கும்ண்ணே" என்றார்.

"ரெண்டு நம்பர்தானே" என்று சரி பண்ணாமலே கிளம்பிட்டேன்.

மறுநாள் டிரைவர் ஏழுமலை லாரியை உப்புப் பாத்தியில இறக்கிட்டான்.

"ஸ்டியரிங் இழுத்துதுண்ணே."

உப்பு வாரும் பொம்பளைங்க எதிரிலேயே கேட்டேன்: "காலையிலேயே குடிச்சியாடா?"

குடியை விட்டுப் பல வருசமானவன். சாவியை என் கையில கொடுத்துட்டு நடந்தான்.

லாரியை மீட்டு நானே ஓட்டினேன். கையைத் தளர்த்தினதும் இடப்பக்கமே போச்சு. அந்த ரெண்டு நம்பர் அப்பத்தான் புரிஞ்சுது.

ஏழுமலை வீட்டுத் தெருமுனையில லாரியை நிறுத்தி, தனியா உட்கார்ந்து, "தப்பு என்னுதுப்பா" என்று மூணு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.