வடக்கில் பழகிய கால்கள்

நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் வேலை செய்துவிட்டு, நானும் மனைவியும் ஒஸ்லோவுக்குக் குடிவந்த முதல் குளிர்காலம் அது. நாங்கள் குடியிருந்த ஸ்டோவ்னர் பகுதியில் அயலவர்கள் பனியில் வழுக்காமலிருக்கச் சப்பாத்துக்கு அடியில் இரும்பு முள் மாட்டி நடந்தார்கள்.

"எங்களுக்கும் வாங்குவமே?" என்று மனைவி கேட்டாள்.

"மைனஸ் இருபதிலை நடந்தனாங்கள். இந்தக் குளிருக்கு முள்ளோ?" என்று சிரித்தேன்.

நாங்கள் இருந்த ஊரில் பனி மாதக்கணக்கில் காய்ந்தே கிடக்கும், கால் வழுக்காது. ஒஸ்லோவிலோ பனிக்கு மேல் மழை பெய்து, விடிவதற்குள் கண்ணாடிபோல உறைந்துவிடும். அது எனக்குத் தெரியாது. மறுநாள் காலை ரயிலுக்கு நடக்கையில், என் கையைப் பிடித்தபடியே மனைவி வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் தாதி, "முள் போடவில்லையா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார். நான் தலைகுனிந்தேன்.

"வீட்டில் இருக்கிறது. நான்தான் அவசரத்தில் மறந்துவிட்டேன்" என்று அதே மொழியில் மனைவி பதில் சொன்னாள்.

வெளியே வந்ததும், "ஏன் அப்பிடிச் சொன்னனீர்?" என்றேன்.

"அவவுக்கு முன்னாலை உங்களை ஏன் குறைச்சுக் கதைக்கவேணும்? வாங்கோ, கடைக்குப் போவம்."

கடையிலேயே குந்தியிருந்து அவள் சப்பாத்தில் முள்ளை மாட்டிவிட்டேன். அவள் திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லி என் பக்கத்தை நியாயப்படுத்தியிருப்பேன். திட்டாததால்தான் அந்தக் காலைப்பொழுது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.